மீனிங் நோட்டில் ஒரு சொல்

நம் செட்டின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு பழைய போட்டோ வந்தது. பத்தாம் வகுப்பு, படிக்கட்டில் நான்கு வரிசைப் பெண்கள், நடுவில் நாற்காலியில் இங்கிலீஷ் மிஸ். ஆளுக்கொரு இதயம் போட்டீர்கள். ஒருத்தி, "மிஸ் கல்யாணம் ஆகித்தானே போனாங்க?" என்று கேட்டாள். உடனே பத்துப் பேர் ஆமாம் ஆமாம் என்றீர்கள். மாப்பிள்ளைக்கு மலேயாவில் வேலை என்றுகூட ஒருத்தி எழுதினாள். எங்கிருந்துதான் கிடைக்கிறதோ இந்த விவரமெல்லாம். கிளாஸ் லீடரான என்னைப் பார்த்து, "லீடர் ஏன் சும்மா இருக்கா?" என்று கேட்டீர்கள். இதோ, லீடர் பேசுகிறாள். நீளமாகத்தான் இருக்கும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள்.

மிஸ் கல்யாணமாகிப் போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த ஒரு காகிதத்தால் போனார்.

காலாண்டு லீவு முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். சாந்தோமில் மழை என்றால் உங்களுக்கே தெரியும், மேலேயிருந்தும் வரும், கடல் பக்கமிருந்தும் வரும். நம் வகுப்பு ஜன்னல் கீல்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஒன்றையும் சாத்த முடியாது. வாசலில் இரும்பு வாளியில் குடைகள் சொட்டிக்கொண்டிருக்கும். ஈரப் பாவாடையும், சாப்பாட்டு டப்பாவிலிருந்து வரும் புளிச்சாத வாசமும், குப்பத்தில் மழைக்கு முன்னால் அள்ளி உள்ளே வைத்த கருவாட்டு வாசமும் சேர்ந்ததுதான் அந்த அறை. இன்றைக்கும் மழை நாளில் டிபன் டப்பாவைத் திறந்தால் எனக்கு அந்த அறை வந்துவிடும்.

அந்த வருஷம் நான்-டீடெயில்டுக்கு அமெரிக்க நாவல் ஒன்று வந்திருந்தது. அங்கே அது பெரிய நாவலாம். நமக்குக் கிடைத்தது நூறு பக்கத்துக்குச் சுருக்கியது. எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிகார அப்பாவிடமிருந்து ஓடிவந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன், எஜமானியிடமிருந்து ஓடிவந்த கறுப்பு அடிமை ஒருவன், இரண்டு பேரும் ஒரு பெரிய ஆற்றில் ரேஃப்ட்டில் போவார்கள். அட்டைக்குப் பிரவுன் தாள் போட்டு, லேபிள் ஒட்டி, உள்ளே ஒரு வரி படிப்பதற்கு முன்பே புத்தகத்தை நான் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன்.

மிஸ்ஸுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவ வாத்தியார் குடும்பம். அப்பா இறந்துவிட்டார், அம்மாவும் படிக்கிற இரண்டு தம்பிகளும் மிஸ்ஸை நம்பித்தான் இருந்தார்கள். வேலை டெம்பரரி. ஜனவரியில் பர்மனன்ட் ஆகும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்றால், ஆயா சொல்லித்தான். மணி அடிப்பதைத் தவிர ஆயாவுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

நம்முடையது இங்கிலீஷ் மீடியம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்களே, அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று மிஸ் முதலில் இங்கிலீஷில் படிப்பார், பிறகு தமிழில் பேசுவார். இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசக் கூடாது என்பது பள்ளியின் கண்டிப்பான விதி. மிஸ்ஸுக்கும் அது தெரியும்.

ஆளுக்கொரு மீனிங் நோட்டு வைத்திருக்க வேண்டும். இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் தமிழ். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டு போய்த் திங்கட்கிழமை சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார். என் நோட்டுக்கு தி. நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் மிஞ்சிய காடாத் துணியில் அட்டை. அதை நான் எவளுக்கும் இரவல் கொடுத்ததில்லை, யாராவது இப்போது இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அந்த நோட்டின் மேல் எனக்கு அவ்வளவு திமிர் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டின் இங்கிலீஷே நான்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். பம்பாய் மில்லுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் அவர் தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் எழுதுவேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் மவ எழுதுனா ஒரு எழுத்து பெசகாது" என்பார். சரியா தப்பா என்று சொல்ல அந்தக் கடையில் வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ரேஃப்ட் என்றால் தெப்பம் என்று நான் எழுதினேன். மயிலாப்பூர்க் குளத்தில் சீரியல் பல்பு போட்டுச் சாமி வலம் வருமே, அதை வருஷா வருஷம் பார்க்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? கடைசி பெஞ்ச்சில் ஒரு கை உயர்ந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள், கோயிலுக்குப் பின்னால் குப்பத்திலிருந்து நடந்தே வருவாள். அவளைக் கடைசி பெஞ்ச் என்றே கூப்பிட்டோம், அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

"அது தெப்பம் இல்ல மிஸ், கட்டுமரம்," என்றாள். "எங்க வூட்டாண்ட வந்தா காட்டறேன்."

மிஸ் அன்றைக்கே பின்கேட்டைத் திறக்கச் சொல்லி எல்லோரையும் மணலுக்குக் கூட்டிப்போனார். ஞாபகம் இருக்கிறதா? மழை விட்டிருந்தது. கடைசி பெஞ்ச்சின் அப்பா கட்டைகளை அவிழ்த்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மிஸ் அவருக்குக் கதையைச் சொன்னார். அவர் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"மாசக்கணக்கா இதுலயே போய்க்கினு இருந்தா சோறு எங்க வச்சி ஆக்குவாங்க?"

"ஆத்துல போறாங்கண்ணே, கடல்ல இல்ல. கொஞ்சம் பெருசு. மேல ஒரு குடிசை மாதிரி போட்டுக்கிட்டாங்க."

"ஆறுன்னா சரி, அலை இல்ல. ஆனா ஒண்ணு கீது டீச்சர். தொரத்திக்கினு வர்றவன் கரையில நடந்தே வந்து புடிச்சிடுவானே?"

மிஸ் சிரித்துவிட்டு, "அதாண்ணே கதையே," என்றார்.

அடுத்த வாரம் ஒரு டெஸ்ட். ரேஃப்ட்டில் வாழ உனக்குப் பிடிக்குமா, ஏன் என்று கேள்வி. நான் கைடில் இருந்ததை மனப்பாடமாக எழுதினேன், இயற்கை, சுதந்திரம், குளிர்ந்த காற்று என்று ஒரு பக்கம். கடைசி பெஞ்ச் எழுதியது மூன்று வாக்கியம், மூன்றிலும் கிராமர் தப்பு. கால் எப்போதும் ஈரமாக இருக்கும், தோல் உரியும். ஆனால் அங்கே வந்து நீ யார் என்று யாரும் கேட்க முடியாது. அதனால் பிடிக்கும். அவளுக்குப் பத்துக்கு எட்டு, எனக்கு ஆறு.

நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு நேராக மிஸ்ஸிடம் போனேன். மிஸ் நிதானமாகத்தான் சொன்னார். "உன் இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நீ எங்க இருக்கே?"

எனக்கு எரிந்தது. பதினாலு வயதில் அந்த இரண்டு மார்க் எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து மிஸ்ஸைப் பிடிக்காமல் போயிற்று. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றது நியாயமாக இருக்கும்.

கார்த்திகை தொடங்கியிருந்தது. அந்தக் கறுப்பு மனிதன் தான் ஏன் ஓடி வந்தேன் என்று பையனிடம் சொல்கிற பாடம். மிஸ் போர்டில் ஸ்லேவ் என்று எழுதி, பக்கத்தில் அடிமை என்று எழுதினார். நாம் நோட்டில் எழுதிக்கொண்டோம். கடைசி பெஞ்ச் எழுந்தாள்.

"மிஸ், அடிமைன்னா நல்லதுதானே? மாதாவே தன்ன அடிமைன்னுதானே சொல்லிக்கிறாங்க. இவன் மட்டும் இன்னாத்துக்கு ஓடறான்?"

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

மத்தியான மணி அடித்ததும் நின்று சொல்வோமே, அந்த ஜெபத்தைத்தான் அவள் சொன்னாள். பங்குப் பிள்ளைகள் அதிகம் என்பதால் நம் பள்ளியில் அதைத் தமிழில்தான் சொல்வார்கள். என்னைப் போன்ற இந்துப் பெண்களுக்கும் கைகூப்பி நின்று, கேட்டுக் கேட்டே முழுசும் மனப்பாடம். அதில் மாதா தேவதூதனுக்குப் பதில் சொல்லும்போது, தான் ஆண்டவருக்கு அடிமை என்பார்.

"உக்காரு, நல்ல கேள்வி," என்றார் மிஸ். "மாதா தானா முன்வந்து சொன்னாங்க, நான் அடிமைன்னு. யாரும் அவங்களை விலைக்கு வாங்கல. இவனை அடுத்தவங்க சொல்றாங்க, நீ அடிமைன்னு. சொல்லு ஒண்ணுதான். யாரு யாரைப் பாத்துச் சொல்றாங்க, அதுலதான் இருக்கு எல்லாம்."

சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. எல்லோரும் எழுந்து ஜெபம் சொன்னோம். அந்தச் சொல் வந்ததும் முன் பெஞ்ச்சில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது வகுப்பு முழுக்கப் பரவியது. சிரித்தவர்களில் நானும் உண்டு. அந்த நேரம் பார்த்து வராந்தாவில் நம் கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் நின்று தன்பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மதர் மங்களூர்ப் பக்கம். கொங்கணியும் இங்கிலீஷும்தான். தமிழில் தெரிந்தது வா, போ, உட்கார், சத்தம் போடாதே, அவ்வளவுதான். நல்ல மனுஷிதான், ஃபீஸ் கட்ட முடியாத எத்தனையோ பிள்ளைகளைச் சும்மா படிக்க வைத்தார், கடைசி பெஞ்ச் உட்பட. அடுத்த திங்கட்கிழமை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இங்கிலீஷ் பீரியடில் தமிழ்தான் கேட்கிறது, ஜெபத்தின்போது பெண்கள் சிரிக்கிறார்கள், மிஸ் என்னதான் சொன்னார் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா, யாரிடமும் சொல்லாதே என்றார். பள்ளியிலேயே உன் இங்கிலீஷைத்தான் நம்புகிறேன் என்றும் சொன்னார். போதாதா? எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் கடைக் கடிதம் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, "ஏட்டி, யாருக்கு?" என்றார். மதர் கேட்டிருக்கிறார் என்றேன். அவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அடிமை என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. ஏதோ இடித்தது. நோட்டைப் பிரித்தேன். ஸ்லேவ், அடிமை. பக்கத்தில் மிஸ்ஸின் சிவப்பு டிக். அப்புறம் என்ன சந்தேகம்? மாதா ஒரு ஸ்லேவ் என்று மிஸ் சொன்னார், பெண்கள் சிரித்தார்கள் என்று எழுதினேன். கடைசி பெஞ்ச்சின் கேள்வியை எழுதவில்லை. அவளைக் காப்பாற்ற அல்ல. மதரும் அதைப் படித்து நல்ல கேள்வி என்று மெச்சிவிடுவாரோ என்ற பயம். மிஸ் சொன்ன விளக்கத்தையும் விட்டுவிட்டேன். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மறுநாள் காகிதம் பையில் இருக்கும்போதே இங்கிலீஷ் பீரியட். அன்றைக்கு வந்தது எந்தப் பாடம் தெரியுமா? அந்தப் பையன் கடிதம் எழுதுகிற பாடம். உன் அடிமை இங்கே இருக்கிறான் என்று எஜமானிக்கு எழுதிவிட்டால் தன் பாவம் தீரும் என்று நினைத்து எழுதிவிடுவான். எழுதி முடித்ததும் ரேஃப்ட்டில் அந்த மனிதன் தன்னைப் பார்த்துக்கொண்டதெல்லாம் ஞாபகம் வரும். காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம்தான் என்று நிஜமாகவே நம்புகிறவன், நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துவிடுவான். மிஸ் படித்து முடித்துப் புத்தகத்தை மூடினார். கடைசி பெஞ்ச் அழுதாள். நான் மார்ஜினில் 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பிறகு போய் மதரிடம் என் காகிதத்தைக் கொடுத்தேன்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்தப் பாடத்துக்கும் என் பைக்குள் இருந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை. அது பாடம். பாடத்தில் வருவது கேள்வித்தாளில் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மதரின் அறையில் மூன்று பேர் நின்றோம், மதர், மிஸ், நான். தரைக்குப் போட்ட சிவப்பு பாலிஷ் வாசம் மூக்கில் ஏறியது. மிஸ் என் காகிதத்தைப் படித்தார். என் கையெழுத்து தெரியாதவரா? காது மடல் மட்டும் சிவந்தது. தமிழ் ஜெபத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது மதர், அதன் அர்த்தம் வேறு என்று சொல்லத் தொடங்கினார். மதர் கையை உயர்த்தி நிறுத்தி, இந்தப் பேச்சை வகுப்பில் ஆரம்பித்தது யார், பெண்களா, நீங்களா என்று கேட்டார்.

மிஸ் என்னைப் பார்த்தார். கேட்டது யார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கடைசி பெஞ்ச்சின் பெயர் வந்தால் அவளுடைய ஃபீஸ் சலுகை என்னவாகும் என்பதும் தெரியும்.

"நான்தான் மதர்," என்றார்.

அப்புறம் மதர் என் பக்கம் திரும்பினார். மிஸ் சொல்கிற அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன?

"ஸ்லேவ், மதர்," என்றேன். "மீனிங் நோட்டில் அப்படித்தான் இருக்கு. மிஸ்ஸே டிக் போட்டிருக்காங்க."

நோட்டைக் காட்டினேன். வேறென்ன வேண்டும்?

இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் மதர் மேலும் வருகிறது. வெளியே கேட்டில் வாட்ச்மேன் இருந்தார், பங்கு ஆள், அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று வேளை சொல்கிறவர். அவரைக் கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பார். தமிழ்ப் பண்டிட் இருந்தார். தெருவைத் தாண்டினால் கோயிலில் பங்குச் சாமியார் இருந்தார். அத்தனை பேரையும் விட்டு, இங்கிலீஷில் முதல் மார்க் வாங்குகிறவள் என்பதற்காகத் தமிழுக்கு அர்த்தம் ஒரு பதினாலு வயதுக்காரியைக் கேட்டார். மிஸ்ஸின் ஜனவரி ஆர்டர் வராது என்று ஆயா மூலம் அந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அரையாண்டு முடிந்த அன்று மீனிங் நோட்டுகள் திரும்பி வந்தன. நான் என்னுடையதைப் புரட்டினேன். எல்லாம் பழைய டிக்தான், ஒரே ஓரிடத்தைத் தவிர. ஸ்லேவ், அடிமை என்ற வரியில் டிக் அப்படியே இருந்தது. அதன் கீழே மிஸ்ஸின் சாய்ந்த சிவப்பு எழுத்தில், அடிமை என்று மறுபடி எழுதி, எதிரே பணிப்பெண் என்ற அர்த்தத்தில் ஹேண்ட்மெய்ட் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே தமிழில், 'மத்தியான ஜெபம். இங்கிலீஷில் இப்படித்தான் வரும். மதரும் தினம் சொல்வது.' அவ்வளவுதான். திட்டு இல்லை, கேள்வி இல்லை. மற்ற எந்தத் தப்பையும் எப்படித் திருத்துவாரோ அப்படித் திருத்தியிருந்தார்.

அந்த ஜெபத்தை இங்கிலீஷில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. மதர் வராந்தாவில் நின்று தன்பாட்டுக்கு முணுமுணுத்தது அதைத்தான். மிஸ்ஸும் மதரும் தினம் ஒரே ஜெபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் நின்றேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மதரின் அறை வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. மிஸ் இன்னும் பள்ளியை விட்டுப் போகவில்லை, ஸ்டாஃப் ரூமில் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மதர், என் இங்கிலீஷ் தப்பு. அந்த நாலு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. அப்பா கடையில் எல்லோரிடமும், மதரே கூப்பிட்டு எழுதச் சொன்னார் என்று சொல்லிவிட்டிருந்தார். நான் திரும்பிவிட்டேன். வழியில் நீங்கள் நாலைந்து பேர் மறித்து, மிஸ் ஏன் போறாங்க என்று கேட்டீர்கள்.

"கல்யாணமாம்," என்றேன்.

ஆமாம், அதைக் கிளப்பியது நான்தான். மலேயா மாப்பிள்ளையை மட்டும் நான் அனுப்பவில்லை, அது உங்கள் கைங்கரியம்.

அப்புறம் மிஸ் இரண்டு பஸ் மாறி அசோக் நகரில் ஏதோ டுடோரியலுக்குப் போனார் என்று ஆயா சொன்னாள். நமக்கு வந்த புது மிஸ் பதில்களை டிக்டேட் செய்தார், தமிழில் ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பையன் கடிதத்தை ஏன் கிழித்தான் என்ற கேள்வி ஆண்டுத் தேர்வில் வந்தது. பத்துக்குப் பத்து வாங்கினேன். மீனிங் நோட்டு அப்பா கடையை மூடிய வருஷம் வேஸ்ட் பேப்பரோடு போய்விட்டது. போகட்டும், அந்த வரி எனக்கு நோட்டில்லாமலே தெரியும்.

கடைசி பெஞ்ச், நீயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். போட்டோவுக்குக் கீழே, மிஸ் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும் என்று நீதான் எழுதியிருந்தாய். உன் கேள்வியை மிஸ் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று உனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நீ அன்றைக்கே மதரின் அறைக்குள் போயிருப்பாய், கிராமர் தப்போடு உண்மையைச் சொல்லியிருப்பாய். அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. என்னை நீ என்ன வேண்டுமானாலும் திட்டலாம்.

இன்னும் ஒன்று. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, இதை இங்கிலீஷில் மாற்றிப் போடுகிறேன் என்று உங்களில் யாராவது கிளம்புவீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வேலையை நான் ஒருமுறை செய்தாகிவிட்டது.